சாவி இல்லாத பிடி

கொச்சி இடப்பள்ளியில் எந்த நேரமும் ஏதாவது ஒரு சுவரில் துளை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலை 66-ம் 544-ம் சந்திக்கிற ஊர் இது. 2013-ல் லுலு மால் வந்தது, 2017-ல் மெட்ரோ ரயில் வந்தது. சுற்றுத் தெருக்களில் அடுக்குமாடிகளுக்குக் குறைவில்லை. ஒரு வீடு கைமாறினால் போதும், மாடுலர் கிச்சன், அலமாரி, திரைச்சீலைக் கம்பி, டி.வி. மாட்டும் சட்டம் என்று நாள் கணக்கில் டிரில் மெஷின் அலறும். அதைத் திட்டாதவர் கிடையாது. ஆனால் அந்த இரைச்சலுக்கு ஒரு கணம் முன்னால் மெல்லிய ஓர் ஓசை வரும், டிக், டிக், டிக் என்று. பிட்டைச் செருகி, மெஷினின் மூக்கைக் கையால் திருகி இறுக்கும்போது உள்ளே வருகிற ஓசை அது. அந்த மூக்குக்குச் சக்கு என்று பெயர். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

டிரில் வாங்கப் போகிறவர்கள் கடையில் என்ன கேட்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். எத்தனை வாட்? எத்தனை வோல்ட் பேட்டரி? ரிவர்ஸ் உண்டா? ஹேமர் உண்டா? எறணாகுளம் பிராட்வே பக்கத்து ஹார்டுவேர் கடைகளிலும் இதே கேள்விகள்தான், கோயம்புத்தூர் கிராஸ்கட் ரோட்டிலும் இதே கேள்விகள்தான். சக்கைப் பிடித்து ஒரு முறை திறந்து மூடிப் பார்க்கிறவர் அபூர்வம். மோட்டார் எத்தனை குதிரைப் பலம் காட்டினாலும் அது பிட்டுக்குப் போய்ச் சேருவது சக்கின் மூன்று இரும்புத் தாடைகள் வழியாகத்தான். அந்த மூன்றும் வழுக்கினால் மோட்டார் சும்மா சுற்றுகிறது, அவ்வளவுதான்.

சாவி வைத்து இறுக்குகிற பழைய சக்கைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். 1902-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஆர்தர் இர்விங் ஜேக்கப்ஸ் என்பவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால் இருந்த சக்குகளை ஸ்பேனரால் இறுக்கும்போது ஸ்பேனர் நழுவிக் கைமுட்டி பெயர்ந்து போகும், அந்த எரிச்சலில்தான் அவர் இதைச் செய்தார் என்று ஒரு கதை உண்டு. சக்கின் உறையைச் சுற்றிப் பற்கள், அதில் பொருந்துகிற சின்னப் பல்சக்கரம் வைத்த 'டி' வடிவச் சாவி. திருகினால் கையின் பலம் பல மடங்காகி உள்ளே போகும். நூற்றிருபது வருஷம் தாண்டியும் அந்த அமைப்பில் பெரிதாக எதையும் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. சக் உட்காருகிற கூம்புத் தண்டின் அளவுகளுக்கு இன்றும் அவர் பெயர்தான், பட்டறையில் 'ஜே.டி. 6' என்றால் அது ஜேக்கப்ஸ் டேப்பர் 6. நம் ஊர்களில் ரல்லிவுல்ஃப் டிரில்லை வைத்து வேலை பார்த்த தலைமுறைக்கு, மெஷினின் ஒயரோடு ரப்பர் வாரால் கட்டித் தொங்கவிட்ட சாவி இல்லாமல் டிரில்லை நினைத்தே பார்க்க முடியாது.

பக்கத்து வீட்டுக்கு அலமாரி வேலைக்கு வந்த தென்காசிப் பையன் ஒருவனிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன்.

"சாவி சக்கு கெட்டுப் போவாது அண்ணாச்சி. தொலைஞ்சுதான் போவும்."

"அப்போ இது?"

"இது தொலையாது. கெட்டுப் போவும்."

சிரித்துக்கொண்டே சொன்னான். சாவியில்லாத, அதாவது கீலெஸ் சக்கைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனம் எழுத முடியாது. ஆனால் அது கொஞ்சம் அநியாயமான விமர்சனமும்கூட. எப்படிக் கெட்டுப் போகிறது, யாரால் கெட்டுப் போகிறது என்று பார்த்தால் பழி பெரும்பாலும் சக்கின் மேல் விழாது.

முதலில் அந்தப் பிடி எப்படி உண்டாகிறது என்று ரசித்துவிடலாம். சக்கின் உடம்பு ஒரே உருக்குத் துண்டு. அதில் மூன்று சாய்வான துளைகள் இருக்கின்றன. பின்பக்கம் அகன்று தொடங்கி, மூக்குப் பக்கம் வர வர நடுக்கோட்டை நோக்கிச் சாய்ந்து வருகிற துளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தாடை வழுக்கிக்கொண்டு முன்னும் பின்னும் போகும். தாடையின் முதுகில் மரை வெட்டியிருக்கிறது. மூன்று முதுகையும் சுற்றி ஒரு வளையம், அதன் உட்புறத்திலும் மரை. உறையைத் திருகினால் வளையம் சுற்றுகிறது, வளையம் சுற்றினால் மூன்று தாடைகளும் ஒரே நேரத்தில் முன்னேறுகின்றன. பாதை சாய்வாக இருப்பதால் முன்னேறுவதே ஒன்றையொன்று நெருங்குவதாகிவிடுகிறது. விபூதி எடுக்கிற மூன்று விரல்கள் கிண்ணத்தில் குவிவது போலக் குவிந்து பிட்டின் காலைப் பிடிக்கின்றன. அதனால்தான் 2 எம்.எம். பிட்டையும் 13 எம்.எம். பிட்டையும் ஒரே சக்கு பிடிக்கிறது. இடையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இதில் நான் மிகவும் ரசிக்கிற நுணுக்கம் வெளியே தெரியாதது. மூன்று தாடைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று சரியாக ஒத்துப்போகாது. வளையத்தின் மரை சுழன்று ஏறுகிற மரை. ஆகையால் வட்டத்தில் மூன்றிலொரு பங்கு தள்ளி நிற்கிற தாடைக்கு மரையும் மூன்றிலொரு பங்கு தள்ளியே தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால்தான் மூன்று நுனியும் ஒரே மட்டத்தில் வந்து சந்திக்கும். இதற்காகவே தாடைகளில் 1, 2, 3 என்று எண் பொறிப்பது வழக்கம். பட்டறையில் யாராவது சக்கைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு வரிசை மாற்றிப் போட்டால், சக்கு சுகமாகத் திறக்கும், சுகமாக மூடும், ஆனால் ஒரு நுனி முந்தி, ஒரு நுனி பிந்தி நின்று, பிட் ஒருபோதும் நேராக நிற்காது. எங்கே தவறு என்று தேடித் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து அந்த வளையம். தாடைகளை உள்ளே வைத்த பிறகு வளையத்தை மாட்ட இடமில்லை. வளையத்தை மாட்டிய பிறகு தாடைகளை நுழைக்க வழியில்லை. இந்தச் சிக்கலுக்கு ஒரு முரட்டு வழி கண்டுபிடித்தார்கள். முழு வளையமாகவே மரை வெட்டி முடித்து, பிறகு அதை இரண்டாக உடைக்கிறார்கள். அறுப்பதில்லை, உடைக்கிறார்கள். அறுத்தால் வாளின் கனத்துக்கு உலோகம் போய்விடும், மரை ஒட்டாது. உடைத்தால் இரண்டு பாதியின் கரடுமுரடான முகங்களும் மறுபடி ஒன்றோடொன்று இம்மி பிசகாமல் பொருந்தும். பாதிகளைத் தாடைகளின் மேல் வைத்து மூடி, வெளியே ஓர் உறையை அழுத்தி ஏற்றிவிட்டால் வளையம் பழையபடி முழு வளையம். பழைய சாவி சக்கிலிருந்தே வருகிற உத்தி இது. துல்லியம் வேண்டும் என்பதற்காக ஒரு பொருளை வேண்டுமென்றே உடைக்கிற துணிச்சலை வேறு கருவிகளில் நான் அதிகம் பார்த்ததில்லை.

சாவி போய்விட்டது. அதன் பலத்துக்கு என்ன வழி? கையால் உறையைத் திருகும்போது நாம் போடுகிற பலத்தில் பெரும்பகுதியைத் தின்பது உராய்வு. வளையம் தன் முதுகைச் சாய்த்து உடம்போடு உரசுகிற இடத்தில் வருகிற உராய்வு அது. அந்த இடத்தில் பொடி இரும்புக் குண்டுகளை வரிசையாக வைத்துவிட்டார்கள். உரசல் உருளலாக மாறியது. மிச்சமான பலம் பிடியாக மாறியது. நல்ல சக்கை விரலால் சுற்றும்போது வருகிற அந்த வழவழப்பு இந்தக் குண்டுகளின் உபயம்தான். மலிவுச் சக்கில் குண்டுகளுக்குப் பதில் ஒரு வாஷரைப் போட்டு முடித்திருப்பார்கள். கடையில் வைத்துச் சுற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இனி அந்த டிக், டிக். கையால் இறுக்கியதை மோட்டாரின் நடுக்கம் தளர்த்திவிடும். அதற்காக உள்ளே பற்களும், அவற்றின் மேல் விழுகிற ஒரு வில்பட்டையும் வைத்தார்கள். தாடைகள் வெறும் காற்றில் ஓடும்வரை உறையும் வளையமும் ஒன்றாகவே சுற்றும், ஓசை கிடையாது. தாடைகள் பிட்டைத் தொட்டதும் வளையம் தயங்கும், உறை மட்டும் கொஞ்சம் முந்தும். அந்தச் சின்ன முந்தலில்தான் வில்பட்டை விடுபட்டுப் பற்களின் மேல் விழுகிறது. அதன் பிறகு ஒவ்வொரு டிக்கும் ஒரு பல் இறுகியதற்குக் கணக்கு. ஏறிய பல் தானாக இறங்காது. திறக்க வேண்டுமென்றால் எதிர்ப்பக்கம் சற்று அழுத்தித் திருக வேண்டும். முதலில் ஒரு 'டக்', பட்டை விலகும், பிறகு சக்கு இலகுவாகத் திறக்கும். பலர் முதல் டிக் கேட்டவுடன் இறுகிவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். அது இறுகத் தொடங்கியிருக்கிறது என்பதற்கான ஓசை. இனி ஒரு டிக்கும் ஏறாது என்கிறவரை கை போக வேண்டும்.

"காதுல கேக்கும்லா அண்ணாச்சி, போதும்னு அதுவே சொல்லும்" என்றான் அந்தப் பையன். அவன் அப்படிச் சொல்லிக்கொண்டே, சக்கைக் கையில் பொத்திப் பிடித்து மோட்டாரை ஓடவிட்டு இறுக்கினான் என்பதையும் எழுத வேண்டும். எல்லாரும் செய்வதுதான், வேகமான வேலை. ஆனால் பிளாஸ்டிக் உறை தேய்வதும், அளவுக்கு மீறி இறுகி மறுபடி திறக்க முடியாமல் போவதும், பிட்டின் ஓரம் உள்ளங்கையைக் கீறுவதும் அதனால்தான். ஒற்றை உறை சக்குகளில் மெஷினுக்குள்ளேயே தண்டைப் பூட்டுகிற வசதி இருக்கிறது. ஒரு கை மெஷினை, ஒரு கை உறையை. அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

சாவியில்லாத சக்கின் இன்னொரு குலம் இதற்கும் முந்தியது. 1932-ல் ஜெர்மனியில் யோசஃப் ஆல்பிரெக்ட் செய்த சக்கு. அதில் டிக் டிக் கிடையாது, பூட்டும் கிடையாது. உள்ளே ஒரு திருகுத் தண்டு தாடைகளைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. அதன் மரை எந்தப் பக்கம் வெட்டப்பட்டிருக்கிறது என்பதில்தான் சாமர்த்தியம். துளை போடும்போது உலோகம் பிட்டை எதிர்க்கிறது அல்லவா, அந்த எதிர்ப்பே திருகை மேலும் இறுக்குகிறது. எதிரி பலமாகப் பிடித்துத் தடுத்தால் பிடியும் பலமாகிறது. இதைப் படித்த அன்று ஒரு பெரிய கவிஞரின் சிலேடையைப் புரிந்துகொண்ட சந்தோஷம் எனக்கு. ஆனால் சிலேடைக்கு இரண்டு பக்கம் உண்டு. ரிவர்ஸில் ஓட்டினால் அதே சூத்திரம் தலைகீழாக வேலை செய்து பிடியைத் தளர்த்தும். ஆகவே மரை வெட்டித் திரும்ப எடுக்கிற டேப் வேலைக்கு அது ஆகாது. கனமான வேலைக்குப் பிறகு மிகவும் இறுகிப் போயும் இருக்கும். கையில் தூக்கி வேலை செய்கிற டிரில்லுக்கு அதைவிட டிக் டிக் சக்கே மேல். அசையாமல் நிற்கிற மெஷினுக்கு ஆல்பிரெக்ட் வம்சம்.

இடப்பள்ளியிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் களமசேரி. அங்கே எச்.எம்.டி.யின் தொழிற்சாலை 1960-களில் வந்தது; லேத் மெஷின்களுக்குப் பெயர் போனது. அந்த லேத்துகள் தமிழ்நாட்டு ஐ.டி.ஐ.களிலும் பட்டறைகளிலும் இன்னும் ஓடுகின்றன. லேத்தின் வால்பக்கத்தில் சக்கை மாட்டித் துளை போடுவதைப் பார்த்தால் ஒரு வேடிக்கை. அங்கே சக்கு சுற்றாது, பிட்டும் சுற்றாது. எதிரே இருக்கிற உருப்படிதான் சுற்றும். சக்கு பேசாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். அதன் நேர்மை அங்கேதான் அப்பட்டமாகத் தெரியும். நடுக்கோட்டிலிருந்து இம்மி விலகினாலும் துளை பெரிதாகிவிடும்.

இந்த விலகலைப் பட்டறையில் 'அவுட்' என்பார்கள். நேரான ஒரு தண்டை சக்கில் பிடித்து, டயல் கேஜின் முனையை அதன்மேல் வைத்து, மெதுவாகக் கையால் சுற்றினால் முள் எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு அவுட். ஆல்பிரெக்ட் போன்ற உயர்ந்த சக்குகளில் அது 0.04 எம்.எம்.க்குள் நிற்கும். வீட்டு டிரில்லில் அதைப்போலப் பல மடங்கு ஆடும். சுவரில் ராவல் பிளக் அடிக்கிறவருக்கு இந்த ஆட்டம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மட்டாஞ்சேரியில் பழைய வீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றுகிறார்களே, அங்கே தேக்குக் கதவிலும் ஆஞ்சிலிக் கதவிலும் பித்தளைக் கீலுக்குத் துளை போடுகிற ஆசாரிக்கு இது பெரிய விஷயம். 2 எம்.எம். பிட் ஆடினால் ஒடியும். ஒடிந்த முனை காய்ந்து இறுகிப்போன பழைய மரத்துக்குள் சிக்கினால் வெளியே எடுக்க மரத்தைத் தோண்ட வேண்டும். அதனால் நல்ல ஆசாரி பிட்டை மாட்டியதும் மெஷினை ஒரு நொடி காற்றில் ஓடவிட்டு நுனியைப் பார்ப்பார். நுனி ஒரு புள்ளியாக நின்றால் சரி. மங்கலான வட்டமாகத் தெரிந்தால் கழற்றி மறுபடி மாட்டுவார். சிறிய பிட்டில் இது அடிக்கடி நடக்கும். மூன்று தாடைக்கும் நடுவில் நிற்க வேண்டிய பிட், இரண்டு தாடைகளுக்கு இடையிலுள்ள சந்தில் மாட்டிக்கொண்டு நேராக நிற்பது போல நடிக்கும்.

பிட்டின் காலையும் பார்க்க வேண்டும். 1873-ல் மதராஸில் தொடங்கிய அடிசன் கம்பெனியின் டிரில் பிட்டுகள் நம் பக்கத்துப் பட்டறைகளில் பழக்கமான சரக்கு. பிட்டின் காலில் அளவைப் பொறித்திருப்பார்கள். அந்த எழுத்து அழிந்து வட்டமாகக் கீறல் விழுந்திருந்தால், அந்த பிட் எப்போதோ ஒரு சக்கில் வழுக்கிச் சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். வழுக்கிய காலில் பிசிறு எழும்பும். பிசிறோடு மறுபடி மாட்டினால் தாடை அந்தப் பிசிறைத்தான் பிடிக்கும், காலை அல்ல. அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் வழுக்கும். ஓர் அரத்தை எடுத்து நாலு இழுப்பு இழுத்தால் தீர்கிற வியாதி. அதைச் செய்யாமல் சக்கைத் திட்டுகிறோம். காலில் மூன்று தட்டை முகம் வைத்து வருகிற பிட்டுகள் மூன்று தாடைக்கென்றே பிறந்தவை. கொஞ்சம் விலை கூடினாலும் அவற்றையே வாங்கலாம்.

சக்கு நமக்குச் செய்ய வேண்டியவை இரண்டுதான், வேண்டும்போது பிடிக்க வேண்டும், வேண்டும்போது விட வேண்டும். பிடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் ஹேமர் காரணம், விடாமல் போவதற்குத் தூசி காரணம்.

வீட்டு ஹேமர் டிரில்லின் அட்டைப் பெட்டியில் நிமிடத்துக்கு 40,000 தட்டுக்கு மேல் என்று பெருமையாக அச்சடித்திருப்பார்கள். அந்தத் தட்டுகளை வாங்குவது பிட் மட்டும் இல்லை. அந்த வகை மெஷினில் பற்கள் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கி, தண்டையே சக்கோடு சேர்த்து முன்னும் பின்னும் குதிக்க வைக்கின்றன. அத்தனை அடியும் தாடைகள் வழியாகத்தான் போகிறது. பல்பூட்டு இல்லாத கீலெஸ் சக்கை அதில் மாட்டினால் தளராமல் என்ன செய்யும்? தட்டுகிற வேலைக்கு இறுகப் பிடிப்பது சரிப்படாது என்று புரிந்துகொண்டு பாஷ் நிறுவனம் 1975-ல் எஸ்.டி.எஸ். அமைப்பைக் கொண்டுவந்தது. பிட்டின் காலில் பள்ளங்கள். உள்ளே பிட் தளர்வாக முன்பின் ஆடும். சுத்தியல் பிட்டை மட்டும் அடிக்கும், பிடிக்கு அடி கிடையாது. அது வேறு ஞானம். கான்கிரீட் தளத்தில் தினமும் துளை போடுகிறவர் கீலெஸ் சக்கைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் எஸ்.டி.எஸ்.-க்கு மாறிவிடுவதுதான் புத்திசாலித்தனம். அந்த மெஷினில் அடாப்டர் போட்டுச் சாதாரண சக்கை மாட்டும்போது மட்டும் ஹேமரை அணைத்துவிட வேண்டும்.

தூசிக்கு வருவோம். கொச்சியின் பழைய வீடுகளில் பாதிச் சுவர் வெட்டுக்கல், அதாவது செம்புரைக்கல். 1807-ல் வெளிவந்த தன் பயண நூலில் ஃபிரான்சிஸ் புக்கானன் இந்தக் கல்லைப் பற்றி உலகத்துக்குச் சொன்னார். அவர் அதைப் பார்த்தது இதே கேரளத்தில், அங்காடிப்புரத்தில். மண்ணுக்குள் இருக்கும்போது கோடரியால் வெட்டலாம், காற்றுப் பட்டால் இறுகும். அதில் துளை போட்டால் கொட்டுவது மணல் அல்ல, இரும்புத் துருவும் களிமண்ணும் கலந்த செம்பொடி. மழைக்காலத்தில் அது ஈரத்தைக் குடித்துப் பிசினாகிறது. ஜூன் தொடங்கிவிட்டால் இங்கே காற்றிலேயே தண்ணீர். போதாததற்குக் கடலின் உப்பு. மேல்நோக்கி மெஷினைப் பிடித்து உத்தரத்திலோ தளத்திலோ துளை போட்டால் அந்தப் பொடி நேராக சக்கின் வாய்க்குள் விழும். தாடைகளின் சாய்துளைகளில் இறங்கும், மரையில் ஒட்டும், குண்டுகளுக்கிடையே போய் உட்காரும். இரண்டு மாதம் சும்மா கிடந்துவிட்டு எடுத்தால் உறை அசையாது.

இது சக்கின் குறை இல்லை. அந்த மென்மையான ஓட்டத்துக்காக விட்டிருக்கிற இடைவெளிதான் தூசிக்கும் வழி. சாவி சக்கிலும் இதே தூசி போகிறது. அங்கே சாவியின் முரட்டுப் பலம் அதை மீறிக்கொண்டு திருப்பிவிடுகிறது. இங்கே கையின் பலம் மட்டும்தான். கையால் ஆள வேண்டியதைக் கை ஆளுகிற நிலையில் வைத்திருக்க வேண்டும்.

தூசி உள்ளே போகாமல் தடுப்பது எளிது. டீக்கடைப் பேப்பர் கப் ஒன்றின் அடியில் பிட்டால் ஒரு துளை போட்டு, வாய் மேலே இருக்கும்படி பிட்டிலேயே கோத்துவிட்டால் தலைக்கு மேல் துளை போடும்போது பொடியெல்லாம் கப்பில் விழும். பணம் செலவில்லை. வேலை முடிந்ததும் மூக்கைக் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு சக்கை முழுக்கத் திறந்து மூடி, திறந்து மூடி, ஒரு பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். ப்ளோயர் இருந்தால் ஊதலாம், ஆனால் அப்போதும் மூக்கு கீழேதான். மேலே பார்க்க வைத்து ஊதினால் பொடியை இன்னும் உள்ளே அனுப்பிவைக்கிறீர்கள்.

எண்ணெய் விஷயத்தில்தான் நம் ஆட்கள் தாராளம். எது இறுகினாலும் எண்ணெய், அதுவும் கேரளத்தில் கைக்கெட்டும் தூரத்தில் தேங்காய் எண்ணெய். தயவுசெய்து வேண்டாம். அது பொடியைப் பிடித்துவைத்துக்கொண்டு சிக்குப் பிடித்துவிடும். கிரீஸும் அப்படித்தான்; சுவர் வேலை செய்கிற சக்குக்குள் கிரீஸ் போட்டால் தேய்ப்புப் பசை தயாராகிவிடும். மரத்திலும் இரும்பிலும் வேலை செய்கிற சக்குக்குத் தையல் மெஷின் எண்ணெய், தாடைக்கு ஒரு சொட்டு. சிலமுறை திறந்து மூடிவிட்டு, வெளியே வந்ததைத் துணியால் துடைத்துவிட வேண்டும். உலோகத்தின்மேல் ஒரு மினுமினுப்பு மிஞ்சினால் போதும், துருவுக்கு அதுவே தடுப்பு. சுவர் வேலை மட்டுமே என்றால் ஈரமில்லாத கிராஃபைட் நல்லது.

இறுகிப்போன சக்கோடு மல்லுக்கட்டுவதில் இரண்டு ரகம் உண்டு. பிட்டைப் பிடித்தபடி இறுகியது ஒன்று. மூக்கை மேலே நிறுத்தி, தாடைகளின் ஓரத்தில் துரு இளக்குகிற எண்ணெயைச் சொட்டவிட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் பிட்டை வைஸில் பிடித்து, உறையைத் துணி சுற்றிய பைப் ரெஞ்சால் திருப்பினால் பெரும்பாலும் வழிக்கு வரும். முழுக்கத் திறந்த நிலையில் அடியில் போய் முட்டிக்கொண்டது இன்னொன்று. தாடைகளின் நுனியில் மரச்சுத்தியால் மெல்லத் தட்டிக்கொண்டே மூடுகிற பக்கம் திருப்ப வேண்டும். இரும்புச் சுத்தியால் உறையை அடிக்கிறவர்கள் உள்ளே இருக்கிற அந்த உடைத்துச் சேர்த்த வளையத்தை நினைத்துப் பார்த்தால் கை கூசும்.

எதற்கும் வழிக்கு வராவிட்டால் சக்கை மாற்றலாம். மெஷினை மாற்ற வேண்டியதில்லை. 13 எம்.எம். சக்குகள் பெரும்பாலும் அரை அங்குலம்-20 மரை, சிறிய 10 எம்.எம். சக்குகள் முக்கால்வாசி 3/8 அங்குலம்-24. ரிவர்ஸ் உள்ள மெஷினில் சக்கை முழுக்கத் திறந்து உள்ளே பார்த்தால் அடியில் ஒரு திருகு தெரியும். அது இடது மரை. எல்லாத் திருகும் கழல்கிற பக்கம் திருப்பினால் அது இறுகும். காரணம் அழகானது. ரிவர்ஸில் ஓடும்போது சக்கு தன் வலது மரையில் கழலப் பார்க்கும். அப்படிக் கழல முயன்றால் அதன் அடி உரசி இந்த இடது மரைத் திருகை மேலும் இறுக்கிவிடும், சக்கு நின்றுவிடும். தப்பிக்கிற முயற்சியையே பூட்டாக மாற்றியிருக்கிறார்கள். அந்தத் திருகை வலப்பக்கம் சுற்றிக் கழற்றிவிட்டு, ஒரு பெரிய அலன் கீயின் குட்டைக் கையை சக்கில் பிடித்து, நீளக் கையை இடப்பக்கமாக ஒரே தட்டு. சக்கு கழன்றுவரும். அலன் கீயை மெல்ல மெல்ல அழுத்துவதால் பயனில்லை, சட்டென்று ஒரு தட்டுதான்.

வாங்குகிறவர்களுக்கு என் தீர்ப்பு இது. வீட்டு வேலைக்கும் மரவேலைக்கும் கீலெஸ் சக்கு போதும், சாவியைத் தேடி அலைய வேண்டாம், சாவியைச் சக்கிலேயே மறந்துவிட்டு சுவிட்சைப் போடுகிற ஆபத்தும் இல்லை. உறை உலோகமாக இருக்கட்டும், டிக் டிக் ஓசை தெளிவாகக் கேட்கட்டும், மூடினால் மூன்று நுனியும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றனவா என்று கடையிலேயே பாருங்கள். வெட்டுக்கல்லில் ஹேமர் போட்டு அடிக்கிற மெஷினுக்குச் சாவி சக்கே இன்னும் ராஜா. கான்கிரீட்டுக்கு எஸ்.டி.எஸ். எதை வாங்கினாலும், மழைக்காலத்தில் அதை வந்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள்; ஈரம் உள்ளேயே தங்கித் தாடைகளில் துரு ஏறும். மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் ஒதுக்கி, மூக்கைக் கீழே பார்க்கப் பிடித்துச் சுத்தம் செய்து, எண்ணெய் துடைத்து, காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள்.